இரண்டு மாங்கனியும் இருபத்தேழு நட்சத்திரமும்

திருநள்ளாற்றுக்குப் போனவர்களுக்கு அந்த வரிசை தெரியும். நளன் குளத்தில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு, அர்ச்சனைத் தட்டை ஏந்தி நிற்போம். குருக்கள் ஒவ்வொருவரிடமும் பெயரும் நட்சத்திரமும் கேட்டுக்கொண்டே வருவார். ரோகிணி, பூசம், சதயம் என்று பதில்கள் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று நமக்கு முன்னால் நிற்பவர் நம் நட்சத்திரத்தையே சொல்வார். முன்பின் தெரியாத அவரோடு ஏதோ உறவு முளைத்ததுபோல ஒரு புன்னகை வரும்.

இது அபூர்வமா, சாதாரணமா? கேள்வியை இப்படி வைத்துக்கொள்வோம். ஒருவரையொருவர் அறியாத 7 பேர் வரிசையில் நிற்கிறார்கள். நட்சத்திரங்கள் 27. அந்த 7 பேரில் யாராவது இருவருக்காவது ஒரே நட்சத்திரமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? படிப்பதைக் கொஞ்சம் நிறுத்தி, மனதில் ஒரு எண் போட்டு வையுங்கள். நான் கேட்டுப் பார்த்தவர்களில் பலர் "27இல் 7 பங்கு, ஏறக்குறைய கால்வாசி" என்றார்கள். சரியான விடை 57 விழுக்காடு. அதாவது, இரண்டு பேர் ஒத்துப்போகாமல் இருப்பதைவிட ஒத்துப்போவதற்கே வாய்ப்பு அதிகம்.

அது எப்படி என்று பார்க்கத் திருநள்ளாற்றைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சூதில் நாட்டைத் தோற்ற நளனைச் சனி விட்டு நீங்கிய தலம் என்று ஊர் சொல்கிறது. மகாபாரதத்தின் வனபர்வம் அதே கதையைக் கொஞ்சம் வேறுமாதிரி சொல்கிறது. உருமாறிய நளன் இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரம். அதில் எத்தனை இலை, எத்தனை காய் என்று பார்த்த மாத்திரத்தில் அரசன் சொல்லிவிடுகிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி இறங்கி, மரத்தையே சாய்த்து எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. பிறகு அந்த அரசனிடமிருந்து சூதின் நுட்பத்தைக் கற்றுக்கொள்கிறான். கற்ற உடனே அவனைப் பிடித்திருந்த கலி வெளியேறுகிறது.

பழங்காலத்தில் தான்றிக்காய்களையே சூதுக் காய்களாக உருட்டினார்கள். மரத்துக் காயை எண்ணத் தெரிந்தவனுக்குச் சூதும் தெரிந்திருந்தது என்று கதை சொல்வது தற்செயலாக இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. எண்ணும் திறமைக்கும் வாய்ப்பை அளக்கும் திறமைக்கும் உள்ள உறவை அந்தக் கதை எப்போதோ பிடித்துவிட்டது. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணாமல் மொத்தத்தைச் சொல்லும் அந்தக் கலைக்கு இன்றைய பாடநூல்கள் வைத்திருக்கும் பெயர் சேர்ப்பியல்.

அதன் முதல் பாடம் நமக்கு அரிச்சுவடியிலேயே வந்துவிடுகிறது. மெய் 18, உயிர் 12. உயிர்மெய் எத்தனை? யாரும் க, கா, கி என்று ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போவதில்லை. 18 மெய்யில் ஒவ்வொன்றும் 12 உயிரோடும் சேரும், ஆக 216. ஒரு தேர்வுக்குப் பின் இன்னொரு தேர்வு வந்தால் பெருக்க வேண்டும். இதைப் பெருக்கல் கொள்கை என்பார்கள். இனி வரப்போகும் எல்லாமே இதன் பிள்ளைகள்தான்.

யாப்பிலும் இதே கணக்குத்தான். அசை இரண்டு வகை: நேர், நிரை. இரண்டு அசை சேர்ந்த சீர் 2 × 2 = 4 வகை. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று அவற்றுக்கு வாய்பாடு வைத்திருக்கிறோம். மூன்றாவது அசையாக நேர் வந்தால் காய், நிரை வந்தால் கனி. மூவசைச் சீர் 8. நான்கு அசை என்றால் 16. காரைக்கால் அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதி வெண்பாக்களால் ஆனது. வெண்பாவில் காய்ச்சீர் வரும். கனிச்சீர் வரக்கூடாது என்பது இலக்கணம். மாங்கனியால் அறியப்பட்ட ஒருவர், தேமாங்கனி என்ற சீருக்கு இடமே இல்லாத யாப்பில் பாடினார் என்பது எனக்கு எப்போதும் வியப்பான செய்தி.

அடுத்து, வரிசை. பெருமாளுக்கு நான்கு கை. சங்கு, சக்கரம், கதை, தாமரை என நான்கு பொருள். எந்தக் கையில் எது என்று எத்தனை விதமாக மாற்றி வைக்கலாம்? முதல் கைக்கு நான்கில் எதையும் கொடுக்கலாம். இரண்டாம் கைக்கு மிச்சம் மூன்று, மூன்றாம் கைக்கு இரண்டு, கடைசிக் கைக்கு எஞ்சிய ஒன்று. 4 × 3 × 2 × 1 = 24. கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கும் 24 மூர்த்திகள் இப்படித்தான் அமைகிறார்கள். ஆயுதம் கை மாறும்போது பெயரும் மாறுகிறது. 1150ஆம் ஆண்டளவில் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. கூடவே பத்துக் கைச் சிவனுக்குப் பத்துப் பொருள் என்றால் என்ன என்றும் அவர் கேட்கிறார். விடை 36,28,800. நிமிடத்துக்கு ஒரு கோலமாகத் தூங்காமல் மாற்றிக்கொண்டே இருந்தாலும் முடிக்க 2,520 நாள், ஏழு ஆண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. எது எங்கே என்பது முக்கியமாகும் இந்த வகை அடுக்குக்கு வரிசைமாற்றம் என்று பெயர்.

இங்கிருந்து வாய்ப்புக்கு ஓர் எட்டுதான். எது எந்தக் கைக்கு என்று அறியாத சிறு குழந்தை நான்கு பொருளையும் மனம்போனபடி நான்கு கையிலும் வைத்தால், கேசவனுக்குரிய அமைப்பு சரியாக விழ வாய்ப்பு 24இல் 1. நமக்கு வேண்டிய விதங்கள் எத்தனை, நடக்கக்கூடிய மொத்த விதங்கள் எத்தனை, முன்னதைப் பின்னதால் வகு, அதுவே நிகழ்தகவு. மொத்த விதங்களின் பட்டியலைக் கூறுவெளி என்கிறது பாடநூல்.

இனி மாம்பழத்துக்கு வருவோம். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே ஆயிரம் கைகள் நீளும். காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய கனிகள் இரண்டு என்கிறது புராணம். அந்த இரண்டையே நாமும் எடுத்துக்கொள்வோம். ஒரு பையில் 10 மாம்பழம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள். உள்ளே 7 தேமா, அதாவது இனிப்பு மா, 3 புளிமா. பார்க்காமல் இரண்டை எடுக்கிறோம். இரண்டும் இனிக்க எவ்வளவு வாய்ப்பு?

முதல் பழம் 10 விதம், இரண்டாம் பழம் 9 விதம், மொத்தம் 90. இனிப்பு மட்டும் என்றால் 7 × 6 = 42. ஆகவே 90இல் 42. ஆனால் சாப்பிடப் போகிறவருக்கு எது முதலில் வந்தது என்பது பொருட்டில்லை. கையில் இருக்கும் இணைதான் முக்கியம். ஒவ்வொரு இணையையும் நாம் இரண்டு முறை எண்ணியிருக்கிறோம்: இந்தப் பழம் முதலில், அந்தப் பழம் பிறகு என்று ஒருமுறை, அதையே புரட்டி மறுமுறை. 90ஐ 2ஆல் வகுத்தால் உண்மையான இணைகள் 45. இனிப்பு இணைகள் 21. வரிசையைப் பொருட்படுத்தாத இந்தத் தேர்வுதான் சேர்வு. சேர்மானம் என்றும் சொல்வதுண்டு. 45இல் 21, 90இல் 42, இரண்டும் ஒரே பின்னம். 47 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. பத்துக்கு ஏழு பழம் இனித்தும், இரண்டும் இனிக்கும் வாய்ப்பு பாதிகூட இல்லை.

இங்கே மாணவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில். வரிசையாக எண்ணுவதா, சேர்வாக எண்ணுவதா என்று குழம்பி, மேலே ஒன்றும் கீழே இன்னொன்றும் போட்டுவிடுவார்கள். 45இல் 42 என்று எழுதினால் 93 விழுக்காடு. 90இல் 21 என்றால் 23. எந்த வழியில் எண்ணினாலும் தவறில்லை. மேலும் கீழும் ஒரே வழியாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஒரு பரிசோதனையும் உண்டு: எல்லா முடிவுகளையும் எண்ணிக் கூட்டிப் பாருங்கள். இரண்டும் இனிப்பு 21; ஒன்று இனிப்பு ஒன்று புளிப்பு 7 × 3 = 21; இரண்டும் புளிப்பு 3. கூட்டினால் 45. கணக்கு மூடிவிட்டது.

முடிவுகள் மூன்று வகைதான். ஆனால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரிய பிரெஞ்சு மேதை ஒருவரே இந்த இடத்தில் வழுக்கியிருக்கிறார்.

தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739இல். அவர்கள் ஆட்சியை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1இல். அதற்குச் சரியாக 200 ஆண்டு முன்பு, 1754இல், பாரிசில் வெளிவந்துகொண்டிருந்த பெரும் கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதியில் தலையா பூவா பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் தலாம்பேர், அந்தக் காலத்தின் முதல் வரிசைக் கணித அறிஞர்களில் ஒருவர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி: ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டலாம், ஒருமுறையாவது தலை விழ வாய்ப்பு எவ்வளவு? வழக்கமான விடை நான்கில் மூன்று. தலாம்பேர் அதை ஏற்கவில்லை. முதல் சுண்டிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, இரண்டாம் சுண்டு எதற்கு? ஆக நடக்கக்கூடியவை மூன்றுதான்: உடனே தலை; பூ, பிறகு தலை; பூ, மறுபடி பூ. மூன்றில் இரண்டு நமக்குச் சாதகம். ஆகவே விடை மூன்றில் இரண்டு என்று வாதிட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் வாதத்தில் ஓட்டை தெரியாது. மூன்று முடிவுகள் என்பது உண்மைதான். ஆனால் அவை ஒரே எடை கொண்டவை அல்ல. உடனே தலை விழுவது பாதி நேரம் நடக்கும். மற்ற இரண்டும் எஞ்சிய பாதியை ஆளுக்குக் காலாகப் பிரித்துக்கொள்ளும். மரக்கால் நெல்லையும் படி நெல்லையும் பக்கத்தில் வைத்து "இரண்டு அளவு" என்று எண்ணியதுபோல ஆகிவிட்டது. எண்ணப்படும் விதங்கள் ஒவ்வொன்றும் சமவாய்ப்பு உள்ளவையாக இருந்தால்தான் வகுத்தல் செல்லும். வரிசைமாற்றச் சூத்திரம், சேர்வுச் சூத்திரம் எல்லாம் இந்த ஒரு நிபந்தனைக்குப் பிறகே பேசத் தொடங்குகின்றன.

வியப்பு என்னவென்றால், விடை அதற்கும் நூறு ஆண்டு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1654இல் கணித அறிஞர்களான பஸ்காலும் பெர்மாவும் இதுபற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகிறார்கள். முதலில் 3 ஆட்டம் வெல்பவருக்கு 64ம் போகும். ஒருவர் 2, மற்றவர் 1 வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. காசை எப்படிப் பிரிப்பது? பெர்மாவின் வழி இது: இன்னும் அதிகபட்சம் இரண்டு ஆட்டத்தில் முடிவு தெரிந்துவிடும். தேவையில்லாவிட்டாலும் அந்த இரண்டையும் ஆடியதாகவே வைத்துக்கொள். நான்கு விதங்கள், நான்கும் ஒரே எடை. மூன்றில் முன்னவர் வெல்கிறார். பின்னவர் ஒன்றில் மட்டும். ஆகவே 48, 16. தலாம்பேர் எழுப்பிய அதே ஆட்சேபத்தை அப்போதே ரோபர்வால் என்ற கணிதரும் எழுப்பினார். ஆடப்படாத ஆட்டத்தை ஏன் எண்ண வேண்டும் என்று. எண்ணுவது எடையைச் சமமாக்குவதற்காக. ஆடாத ஆட்டத்தைச் சேர்த்துக்கொள்வதால் முடிவு மாறவில்லை. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரே அளவாகிறது.

நளனைப் போல நம்பாமல் இறங்கி எண்ணிப் பார்க்கவும் வழி உண்டு. 40 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு 10 முறை, ஒவ்வொரு முறையும் நாணயத்தை இரண்டு தடவை சுண்டச் சொல்லுங்கள். மொத்தம் 400 சோதனை. பெர்மா சொல்வது சரியென்றால் ஏறக்குறைய 300 முறை தலை தென்படும். தலாம்பேர் சொல்வது சரியென்றால் 267. ஏற்ற இறக்கம் பத்து இருபது இருக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவாகவே தெரிந்துவிடும்.

தாயம் ஆடும் சோழிக்கு மட்டும் இந்த வகுத்தல் உதவாது. ஆறு சோழி 64 விதமாக விழலாம் என்பது சரி. ஆனால் சோழியின் முதுகும் வாயும் ஒரே வடிவமில்லை; நிமிர்வதும் கவிழ்வதும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அங்கே முதலில் உருட்டி உருட்டி எடையை அளக்க வேண்டும், பிறகுதான் கணக்கு.

வரிசைக்குத் திரும்புவோம். 7 பேரில் யாராவது இருவர் ஒத்துப்போவது பல விதமாக நடக்கலாம்: ஒரு இணை, இரண்டு இணை, ஒரே நட்சத்திரத்தில் மூவர் என்று. நேரடியாக எண்ணினால் சிக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது எளிது. ஏழு பேருக்கும் ஏழு வெவ்வேறு நட்சத்திரமாக இருக்கும் விதங்களை எண்ணி, மொத்தத்திலிருந்து கழித்துவிடலாம். இதை நிரப்பு நிகழ்ச்சி என்பார்கள்.

ஆளுக்கு 27 சாத்தியம். 27ஐ ஏழு முறை பெருக்கினால் மொத்தம் ஏறக்குறைய 1,046 கோடி. எல்லாரும் வேறுவேறு என்றால் முதல் ஆளுக்கு 27, அடுத்தவருக்கு 26, பிறகு 25, 24, 23, 22, 21. பெருமாளின் கைகளுக்குச் செய்த அதே வரிசைமாற்றம், பாதியில் நிறுத்தியது. பெருக்கினால் ஏறக்குறைய 447 கோடி. அதாவது ஒருவரும் ஒத்துப்போகாத வாய்ப்பு 43 விழுக்காடு. எஞ்சிய 57, ஒத்துப்போகும் வாய்ப்பு. 6 பேர் என்றால் 45 விழுக்காடு. 10 பேர் நின்றால் 85.

நம் உள்ளுணர்வு ஏன் கால்வாசி என்றது? ஆளை எண்ணியதால். ஒத்துப்போவது ஆள் அல்ல, இணை. மாம்பழப் பையில் செய்த சேர்வை இங்கே போடுங்கள்: 7 பேரில் இணைகள் 7 × 6 ÷ 2 = 21. ஒவ்வொரு இணையும் 27இல் ஒரு வாய்ப்போடு நிற்கும் தனிச் சீட்டு. நாமோ நம்மை மட்டும் நடுவில் வைத்து, என் நட்சத்திரம் யாருக்கு என்று பார்க்கிறோம். அது வேறு கேள்வி. அதற்குப் பாதி வாய்ப்பைத் தாண்ட நம்மைத் தவிர இன்னும் 19 பேர் வேண்டும்.

தலாம்பேரிடம் கேட்ட கேள்வியை நம்மிடமும் கேட்க வேண்டும். 27 நட்சத்திரங்களும் சமவாய்ப்பு உள்ளவைதானா? வானத்தின் சுற்றை 27ஆகச் சமமாகப் பிரித்தவை அவை. ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. சந்திரன் ஒரு சுற்றை 27 நாளும் சுமார் 8 மணி நேரமும் எடுத்து முடிக்கிறது. ஆனால் அதன் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகில் வரும்போது வேகம் கூடும். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் சில நட்சத்திரம் ஒரு நாளுக்குக் குறைவாகவும் சில ஒரு நாளுக்கு மேலாகவும் நிற்பதைக் காணலாம். நல்லவேளையாக, அந்த அருகாமைப் புள்ளியே ஏறக்குறைய 9 ஆண்டில் வானத்தைச் சுற்றி வந்துவிடுகிறது. எனவே பல வயதினர் கலந்து நிற்கும் வரிசையில் எந்த நட்சத்திரத்துக்கும் நிரந்தரச் சலுகை கிடையாது. கொஞ்சம் ஏற்றத்தாழ்வு மிஞ்சினாலும் அது பொருத்தத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. எல்லாருக்கும் ஒரே நட்சத்திரம் என்ற எல்லைக்குப் போய்ப் பார்த்தால் இது விளங்கும்.

ஆனால் ஒரு நாளில் இந்தக் கணக்கு அடியோடு மாறும். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி. அன்று வரிசையில் நிற்பவர்களில் ஏழரைச் சனி நடக்கும் ராசிக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். சனி கும்பத்தில் இருக்கும் காலம் என்று வைத்துக்கொண்டால் அவர்கள் மகரம், கும்பம், மீனம். இந்த மூன்று ராசிக்குள் வருபவை உத்திராடம் முதல் ரேவதி வரை 7 நட்சத்திரங்கள் மட்டுமே. அதிலும் உத்திராடத்துக்கு மூன்று பாதம்தான். வரிசை முழுக்க இந்த மூன்று ராசிக்காரர்களே என்று ஒரு கடைக்கோடி நிலையை எடுத்தால், 4 பேரிலேயே வாய்ப்பு பாதியைத் தாண்டி 65 விழுக்காட்டுக்குப் போய்விடும். 8 பேர் நின்றால் கணக்கே வேண்டாம். 7 நட்சத்திரத்தை 8 பேர் வெவ்வேறாகப் பங்கிட்டுக்கொள்ள வழியே இல்லை. சாதாரண நாளில் அந்த உறுதி கிடைக்க 28 பேர் தேவை.

அடுத்த முறை வரிசையில் காத்திருக்கும்போது, முன்னால் சொல்லப்படும் நட்சத்திரங்களை ஏழு ஏழாகப் பிரித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்துக் குழுவில் ஐந்தாறு குழு ஒத்துப்போனால் அது எல்லா ராசியும் கலந்த சாதாரணக் கூட்டம். பத்துக்குப் பத்தும் ஒத்துப்போனால் காலண்டரைப் பாருங்கள், பெயர்ச்சி நெருங்கியிருக்கும்.